‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’

ஒரு விபத்து எப்படி நடந்தது என்று கணினியைக் கேட்டால் அது பதில் சொல்வதில்லை. திருப்பிக் கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இருக்கிறதா?

தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூரில் ஒரு விபத்து நடந்தால் தீர்ப்பு வர ஐந்து நிமிடம் போதும். 108 வண்டி வந்து சேர்வதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். டீக்கடையில் நின்றவர்கள் பாதி கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். சிதறிய கண்ணாடியைப் பார்ப்பார்கள், சாய்ந்து கிடக்கும் எக்ஸ்எல் வண்டியைப் பார்ப்பார்கள், வேன் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார்கள். “பெரிய வண்டிக்காரன் மேலதாங்க தப்பு” என்பார் ஒருவர். “இவன் கையே காட்டாம திரும்புனான், நான் பாத்தேன்” என்பார் இன்னொருவர். அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை; சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார். ஆனால் பார்த்ததாகவே நம்புகிறார்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கென்று சில விதிகள் உண்டு. பெரிய வண்டியும் சின்ன வண்டியும் மோதினால் தப்பு பெரிய வண்டியுடையது. கிளைச் சாலையிலிருந்து ஏறியவன் நின்று பார்த்து ஏறியிருக்க வேண்டும். வெளியூர் நம்பர் என்றால் ரோடு தெரியாமல் விரட்டி வந்திருப்பான். வாயில் வாடை அடித்தால் அதற்குமேல் விசாரணையே கிடையாது. பல வருடம் பல விபத்துகளைப் பார்த்துப் பார்த்து ஊர் சேர்த்து வைத்த அறிவு அது. முழுக்கத் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கூட்டத்தில் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. இந்தத் தீர்ப்புக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் அதற்குப் பதிலும் கிடையாது.

‘இப்படி இருந்தால் அப்படி’ என்ற இதே பாணியில்தான் 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்ற கணினி நிரலை எழுதினார்கள். ரத்தத்தில் தொற்று வந்த நோயாளிக்கு எந்தக் கிருமியாக இருக்கலாம், எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று அது சொல்லும். அனுபவம் வாய்ந்த டாக்டர்களிடம் பேசிப் பேசி, அவர்கள் மண்டைக்குள் இருந்ததைச் சில நூறு விதிகளாக மாற்றிக் கணினிக்கு ஊட்டினார்கள். அது கேள்வி கேட்கும்போது “இதை எதற்குக் கேட்கிறாய்?” என்று டாக்டர் திருப்பிக் கேட்கலாம். கணினி உடனே தன் விதியை எடுத்துக் காட்டும். இப்படிப்பட்ட நிரலுக்கு ‘வல்லுநர் அமைப்பு’ என்று பெயர் வந்தது.

அதே காலத்தில், அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த கால்ஸ்பான் ஆய்வகத்தில் ரேமண்ட் மெக்ஹென்றி என்ற பொறியாளர் வாகன மோதல்களைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கும் நிரல்களை உருவாக்கினார். ஸ்மாக் என்பது முதலாவது. ஆரம்ப வேகத்தைக் கொடுத்தால், மோதிய பிறகு வண்டிகள் எங்கே போய் நிற்கும் என்று அது சொல்லும். பிறகு வந்த கிராஷ் என்ற நிரல் அதைத் திருப்பிப் போட்டது. வண்டிகள் நின்ற இடத்தையும் நசுங்கிய அளவையும் கொடுத்தால், வந்த வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிடும். 1990-களில் ஆஸ்திரியாவில் ஹெர்மன் ஸ்டெஃபான் உருவாக்கிய பிசி-கிராஷ் இந்த இரண்டு வகைக் கணக்கையும் சாதாரண கம்ப்யூட்டரிலேயே போடுகிறது. இன்று உலகம் முழுக்க விபத்து ஆய்வாளர்கள் கையில் இருப்பது அதுவும் அதைப் போன்ற சில நிரல்களும்தான்.

கணக்குப் போடுவது ஒரு வேலை. எந்தக் கணக்கைப் போடுவது, எந்தத் தடயத்தை நம்புவது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் வல்லுநர் தேவைப்படுகிறார். அவரைக் கணினிக்குள் உட்கார வைக்க முடியுமா என்பதுதான் ஐம்பது வருடமாக நடக்கும் முயற்சி.

ஒரே வாக்கியம்

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் படித்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும்: வண்டியை ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டிவந்து மோதியதில். வண்டி டேங்கர் லாரியாக இருந்தாலும் சரி, மொபெட்டாக இருந்தாலும் சரி, சாலை நேராக இருந்தாலும் வளைந்திருந்தாலும், வாக்கியம் மாறாது. அதற்குக் காரணம் சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279, 304-ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106. இந்தப் பிரிவுகளுக்குத் தேவையான சொற்களை எழுத்தர் எழுதிவிடுகிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு வேண்டிய ஒருவரின் இழப்பீட்டு வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதில் ‘மாதிரி வரைபடம்’ என்று ஒரு தாள் இருந்தது. இணையாக இரண்டு கோடுகள், அது சாலை. இரண்டு பெட்டிகள், அவை வண்டிகள். ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ‘வ’ என்று வடக்கு. ஒரு புளியமரம்கூட இருந்தது. ஒரு மீட்டர் அளவுகூட இல்லை. பார்வை மகஜரில் சாட்சிகள் இருவர் கையெழுத்து. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில், விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல என்று ஒரு வரி. இதை வைத்துக்கொண்டு அந்த வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று எந்த வல்லுநராலும் சொல்ல முடியாது, கணினியாலும் முடியாது.

ஆனாலும் ஊர் ஊராக எழுதப்படும் இந்த வாக்கியம் கூடிக் கூடி தேசியப் புள்ளிவிவரம் ஆகிவிடுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 71.2 சதவீதம் பேரின் சாவுக்குக் காரணம் அதிவேகம் என்று அறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம், 17,884 சாவுகள். வேகம் கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த 71.2-ல் எத்தனை வண்டிகளின் வேகத்தை யாராவது அளந்தார்கள் என்பதில்தான் சந்தேகம்.

உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. கர்நாடக அரசு எதிர் சதீஷ் என்ற 1998-ஆம் ஆண்டு வழக்கில், லாரி ‘அதிக வேகத்தில்’ வந்தது என்று சாட்சிகள் சொன்னதை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று முடிவுகட்ட முடியாது, அதிக வேகம் என்பது சூழலைப் பொறுத்து மாறுகிற சொல், எவ்வளவு வேகம் என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வாக்கியம் அப்படியேதான் இருக்கிறது.

இருபத்து நாலு மீட்டர்

வேகத்தை எப்படிக் காட்டுவது? கடத்தூர் – பொம்மிடி சாலையில் ஒரு கற்பனை விபத்தை வைத்துக்கொள்வோம். ஒரு கார், தார்ச்சாலையில் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் 24 மீட்டர், தடத்தின் முடிவில் கார் நின்றுவிட்டது. பிளஸ் டூ இயற்பியல் போதும். காரின் இயக்க ஆற்றல் முழுவதும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வில் செலவாகிவிட்டது. காய்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் கெழு 0.7 என்று எடுத்தால் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். இதில் வண்டியின் எடை அடிபட்டுப் போகிறது, அதனால் காரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வியே வராது.

சாலை நனைந்திருந்ததா? அப்படியானால் கெழு 0.4-க்கு இறங்கும்; அதே 24 மீட்டருக்கு வேகம் 49 கிலோமீட்டர்தான். ஒரே தடம், ஆனால் ஒரு கணக்கில் டிரைவர் குற்றவாளி ஆகலாம், இன்னொன்றில் தப்பிக்கலாம். நடுவில் நிற்பது விபத்து நடந்த அரைமணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் எழுதியிருக்க வேண்டிய ‘சாலை ஈரமாக இருந்தது’ என்ற மூன்று சொற்கள்.

வல்லுநர் அமைப்பு இந்த இடத்தில்தான் உதவுகிறது. அது எடுத்ததும் விடை சொல்லாது. சாலை ஈரமா, மணல் படிந்திருந்ததா என்று கேட்கும். சரிவு உண்டா, தடம் நான்கு சக்கரமும் பதிந்ததா இரண்டு மட்டுமா, தடம் நடுவில் திடீரென வளைகிறதா என்று கேட்கும். வளைந்திருந்தால் அந்த வளைவுதான் மோதிய இடம். கண்ணாடிச் சிதறல் கிடக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை. தடமே இல்லை என்று சொன்னால் வண்டியில் ஏபிஎஸ் இருந்ததா என்று கேட்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வரும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதில் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, எனவே கறுப்புத் தடமும் பெரும்பாலும் விழாது. பிரேக் நன்றாகிக்கொண்டே போக, தடயம் மறைந்துகொண்டே போகிறது. தடம் இல்லை, ஆகவே பிரேக்கே பிடிக்கவில்லை என்று முடிவு செய்யும் பழைய டீக்கடை விதி இப்போது செல்லாது.

ஆள் தூக்கி வீசப்பட்டால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் சியர்ல் 1983-ல் கொடுத்த சூத்திரம், மோதிய இடத்திலிருந்து உடல் கிடந்த இடம்வரையான தூரத்தை வைத்து குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லும். இருபது மீட்டர் என்றால் மோதிய வண்டி மணிக்கு 49 கிலோமீட்டருக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் “மெதுவாத்தாங்க வந்தேன், 30-லதான் வந்தேன்” என்ற வாக்குமூலத்தைப் பொய்யென்று காட்ட அந்த ஒரு தூரம் போதும்.

இரண்டு வண்டிகள் மோதும்போது உந்தம் வருகிறது. மோதுவதற்கு முன்னிருந்த மொத்த உந்தம்தான் பின்னும் இருக்கும். திசையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு கார்கள் குறுக்காக மோதினால் கணக்கு அழகாக விழும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்த நிரல்களை எழுதியது அந்த மாதிரி மோதலுக்குத்தான். நம்மூர் விபத்து அப்படியா? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஆயிரம் கிலோ கார் வடக்கே போகிறது. ஆளோடு சேர்த்து 220 கிலோ எடையுள்ள பைக் குறுக்கே வந்து மோதுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே 10 டிகிரி விலகிப் போகின்றன என்று வைப்போம். பைக் வந்த வேகம் 39 என்று கணக்கு வரும். அளந்தவர் 2 டிகிரி தவறி 12 என்று எழுதியிருந்தால் அது 46 ஆகிவிடும். 8 என்று எழுதியிருந்தால் 31. கண்ணால் பார்த்து யாராலும் 2 டிகிரி வித்தியாசம் சொல்ல முடியாது. செத்துப்போன பையன் 31-ல் வந்தானா 46-ல் வந்தானா என்பதை வைத்துத்தான் அவன் தாய்க்கு வரும் இழப்பீட்டில் எத்தனை பங்கு வெட்டுவது என்று தீர்ப்பாயம் முடிவு செய்யப் போகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டி எவ்வளவு நசுங்கியது என்பதிலிருந்து ஆற்றலைக் கணக்கிட, அந்த மாடலின் விறைப்பு எண்கள் தேவை. சுவரில் மோதிப் பார்த்த சோதனைகளிலிருந்து அவை வருகின்றன. அமெரிக்கக் கார்களுக்குப் பட்டியல் இருக்கிறது. நம் நாட்டின் பாரத் என்கேப் மோதல் சோதனைத் திட்டம் 2023 அக்டோபரில்தான் தொடங்கியது, அதுவும் கார்களுக்கு. இரண்டு மூட்டை தவிடும் ஒரு கேன் பாலும் கட்டிய எக்ஸ்எல்லுக்கு எந்த நாட்டுப் பட்டியலில் எண் தேடுவது? கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் டிரெய்லருக்கு?

இப்படி உறுதியில்லாத அளவுகளை வைத்து ஒரே ஓர் எண்ணைச் சொல்வது பொய். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேரி டேவிஸ் போன்றவர்கள் இதற்கு வேறு வழி காட்டினார்கள். உராய்வு இதிலிருந்து இதற்குள், கோணம் இதிலிருந்து இதற்குள் என்று கொடுத்தால், கணினி ஆயிரக்கணக்கான முறை விபத்தை ஓட்டிப் பார்த்து, வேகம் இந்த எல்லைக்குள் இருக்க இத்தனை வாய்ப்பு என்று சொல்லும். ‘மணிக்கு 63’ என்று அடித்துச் சொல்லும் அறிக்கையைவிட ‘52-க்கும் 70-க்கும் நடுவே’ என்று சொல்லும் அறிக்கையைத்தான் நான் நம்புவேன்.

தொப்பூரில் ஆறிப்போகும் சாட்சி

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களிடம் விபத்து என்ற சொல்லைச் சொன்னால் அடுத்து அவர்கள் வாயிலிருந்து வருவது தொப்பூர். தேசிய நெடுஞ்சாலை 44-ல் தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் கணவாய். 2020 டிசம்பர் 12 அன்று, சிமென்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று, தேங்கி நின்றிருந்த வண்டிகள்மீது அடுத்தடுத்து மோதியதில் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின, 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மறுபடியும் 4 பேர். ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்ததையும் நடுவில் ஒரு கார் சிக்கியதையும் சிசிடிவியில் நாடே பார்த்தது.

அங்கே சரிவில் கியரை நியூட்ரலில் போட்டு இறக்கும் பழக்கத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். டீசல் மிச்சம். நியூட்ரலில் இறக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நியூட்ரலில் என்ன நடக்கிறது என்று கணக்கிட்டால் பயமாக இருக்கிறது. 30 டன் லாரி ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் வெளியேற வேண்டிய ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் இருந்தால் அதில் ஒரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் ஏறத்தாழ எல்லாமே பிரேக் டிரம்முக்குப் போகிறது. டிரம் சூட்டில் விரிகிறது, லைனிங் அதைத் தொட இன்னும் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது, லைனிங்கின் உராய்வும் குறைகிறது. பெடலை மிதித்தால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. டிரைவர்கள் ‘பிரேக் பிடிக்கல’ என்று சொல்வது இதைத்தான்.

அதன்பிறகு நடப்பதைக் கவனியுங்கள். லாரியைக் கிரேன் வைத்து இழுத்துக் காவல் நிலையத்தின் முன் நிறுத்துகிறார்கள். ஓரிரு நாள் கழித்து ஆய்வு நடக்கிறது. டிரம் ஆறிச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்திருக்கும். காற்றழுத்தம் சரி, பிரேக் பிடிக்கிறது. ‘இயந்திரக் கோளாறு இல்லை.’ அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றுதான்: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும். ஆய்வாளர் பொய் எழுதவில்லை. அவர் சோதித்தபோது பிரேக் உண்மையிலேயே பிடித்தது. டிரைவரும் பொய் சொல்லவில்லை. நடந்தது என்னவென்று சொல்ல வேண்டிய சூடு மட்டும் அங்கே இல்லை.

நல்ல விதித்தொகுப்பு ஒன்று இருந்தால் இதை விடாது. கீழிறங்கும் சாலையா? தடம் இல்லையா? ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள்மீது வரிசையாக மோதியிருக்கிறதா? அப்படியானால் டிரம்மைக் கழற்றிப் பார். நீலம் பாரித்திருக்கிறதா, லைனிங் கண்ணாடி போல் பளபளக்கிறதா என்று கேள். கிரேன் தொடும் முன் கியர் லீவர் எங்கே இருந்தது என்று படம் எடுத்தாயா என்று கேள். அந்தப் படம் ஒன்று டிரைவரின் பக்கம் பேசும், அல்லது நியூட்ரலில் இறக்கினார் என்று எதிர்ப்பக்கம் பேசும். இரண்டில் எதுவானாலும் அது சாட்சி. பத்து விபத்தில் எட்டுக்கு இதே விடை வந்தால், அடுத்து விசாரிக்க வேண்டியது சாலையை. தொப்பூர்ச் சரிவில் 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை வரப்போகிறது. இத்தனை வருடம் குற்றப்பத்திரிகையில் பெயர் வந்ததெல்லாம் டிரைவர்களுக்கு மட்டும்.

ஒரு பக்கக் கணக்கு. அப்படி வரும் 30 டன் லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில், நின்றிருக்கும் ஒரு டன் காரை இடித்தால், லாரியின் வேகம் குறைவது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. லாரி டிரைவருக்கு ஒரு குலுங்கல். காரில் இருப்பவர்களின் வேகம் கண்ணிமைப்பதற்குள் பூஜ்யத்திலிருந்து 48-க்குத் தாவுகிறது. டீக்கடையின் ‘பெரிய வண்டிக்காரன் மேலதான் தப்பு’ என்ற விதி தப்பைப் பற்றி உண்மையோ இல்லையோ, அடியைப் பற்றி முழு உண்மை.

பேசும் சிப், பொய் சொல்லும் கேமரா

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா நதிப் பாலத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் சென்ற பென்ஸ் காரின் தரவு சிப்பைக் கழற்றி எடுத்தார்கள். மோதலுக்கு ஐந்து வினாடி முன் பிரேக் மிதிக்கப்பட்டது, அப்போது வேகம் மணிக்கு 100, மோதும்போது 89 என்று நிறுவனம் காவல்துறையிடம் தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன. சாட்சிகள் தேவைப்படவில்லை. நேர்மாறான கதை 1997-ல் பாரிஸ் சுரங்கச் சாலையில் இளவரசி டயானா இறந்தபோது நடந்தது. கார் 190-க்கு மேல் வந்தது, வேகமானியின் முள் அதிலேயே நின்றுவிட்டது என்று உடனே பத்திரிகைகள் எழுதின. பல வருடம் கழித்து பிரிட்டிஷ் போலீஸ் விசாரணைக்காக வல்லுநர்கள் கணக்கிட்டபோது, தூணில் மோதிய வேகம் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் என்று வந்தது. டீக்கடை பாரிஸிலும் இருக்கிறது.

நம்மூரில் சிப்பைவிட அதிகம் கிடைப்பது கடை கேமரா. அதிலும் கவனம் வேண்டும். வண்டி ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு, 40 மீட்டர், 50 ஃப்ரேம்களில் கடக்கிறது. வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 2 வினாடி, வேகம் 72. ஆனால் மளிகைக் கடையில் மாட்டிய விலை குறைந்த டிவிஆர், இடம் மிச்சப்படுத்த வினாடிக்கு 15 ஃப்ரேம் மட்டும் பதிவு செய்திருந்தால் அதே காட்சியில் வேகம் 43. வீடியோவை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு வேகம் சொல்பவர்களை நம்பாதீர்கள். டிவிஆர் பெட்டியையே எடுத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. கோவையிலிருந்து இயங்கும் ஜேபி ரிசர்ச் இந்தியா, கார் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ரஸ்ஸி என்ற திட்டத்துக்காக 2011 முதல் விபத்து இடங்களுக்கே போய் அளந்து, படமெடுத்து, மோதலைக் கணினியில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. இந்தியச் சாலைக்கான முதல் ஆழமான தரவுத்தொகுப்புகளில் அது ஒன்று. பெருமைக்குரிய இன்னொரு விஷயம் ஐராட். ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்து, தேசியத் தகவலியல் மையம் செயல்படுத்தும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம். 2021-ல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் விபத்து இடத்தில் நின்றபடியே செல்போனில் இடத்தையும் படங்களையும் பதிகிறார். அதே பதிவுக்குள் மோட்டார் வாகன ஆய்வாளரும் நெடுஞ்சாலைத் துறையும் மருத்துவமனையும் தங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. விசாரணை அதிகாரி உடனே இடத்துக்குப் போக வேண்டும், படம் எடுக்க வேண்டும், அளவோடு கூடிய வரைபடம் போட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நான் பார்த்த அந்தப் புளியமர வரைபடத்துக்கு இனி இடமில்லை, காகிதத்தில். ஒரே நிலையத்தில் திருவிழா பந்தோபஸ்தும் பார்த்து, அடிதடி வழக்கும் பார்த்து, விபத்தும் பார்க்கும் ஓர் உதவி ஆய்வாளருக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கொடுத்தால்தான் அது சாலையிலும் நடக்கும்.

தரவுத்தளம் வேறு, வல்லுநர் அமைப்பு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐராட் ‘காரணம்: அதிவேகம்’ என்ற கட்டத்தைத் தட்டினால் ஏற்றுக்கொள்ளும். “எப்படித் தெரியும்? தடத்தின் நீளம் என்ன?” என்று அது திருப்பிக் கேட்கும் நாளில்தான் பழைய வாக்கியம் சாகும். இதற்குப் பெரிய செயற்கை நுண்ணறிவெல்லாம் வேண்டாம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய மைசின் பாணியே போதும். கணினி ஒரு கேள்விக்குப் பதில் வராமல் அடுத்த பக்கத்தைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்கிறேன். கணினி வரைந்த மோதல் படம் சினிமா போல இருக்கும். நீல லாரி வரும், சிவப்புக் கார் நொறுங்கும். பார்த்தவர் மனதில் அதுவே நடந்ததாகப் பதிந்துவிடும். ஆனால் உள்ளே கொடுத்த உராய்வு எண்ணை 0.7-லிருந்து 0.4-க்கு மாற்றினால் வேறொரு சினிமா ஓடும். பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு வல்லுநர் கருத்தை ஏற்கிறது. மின்னணுப் பதிவுக்கு 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கருத்து சொன்ன வல்லுநர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். வக்கீல்கள் படத்தைப் பார்த்து மயங்காமல், உள்ளே போன எண்களின் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தராத அறிக்கைக்கு டீக்கடைத் தீர்ப்புக்கு உள்ள மதிப்புதான்.

அடுத்த முறை கடத்தூர் வெற்றிலைச் சந்தைக்கு வரும் வழியிலோ, மொரப்பூர் சாலையிலோ ஒரு விபத்தைக் கண்டால், முதலில் 108. அடிபட்டவரைக் கவனித்த பிறகு, வண்டிகளை ஓரம் கட்டும் முன், செல்போனில் நாலு பக்கமும் நின்று படம் எடுங்கள். டயர் தடம் இருந்தால் பக்கத்தில் உங்கள் செருப்பு ஒன்றை வைத்து எடுங்கள், பிறகு அளவு தெரியும். சாலை ஈரமா என்று பாருங்கள். லாரியாக இருந்தால் கியர் லீவரை ஒரு படம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின்கீழ் வந்த விதிகள், உதவ வருபவரைப் பெயர் சொல்லும்படிகூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்கின்றன. அந்தப் படங்களை விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள், குரூப்பில் போடாதீர்கள்.